கூத்துக்கும் சுவடிக்கும் ஒரே இடத்தில் நிதி கிடைக்குமா?

வயது 23, கூத்து கற்றவர், வீட்டில் தாத்தாவின் ஓலைச்சுவடிகளும் கிடக்கின்றன, இரண்டுக்கும் ஒரே இடத்தில் பணம் கேட்கலாமா என்கிறீர்கள். முடியாது, வழி வேறு வேறு.

கூத்துக்கு, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், குருவிடம் குறைந்தது 5 ஆண்டு கற்றிருக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய் என்று 2 ஆண்டுக்குத் தருகிறார்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும், அதனால் இதை நம்பிக் கையிலுள்ள வேலையை விட்டுவிடாதீர்கள்.

சரி, சுவடிகள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் ஆவணங்களைப் படமெடுக்க நிதி தருகிறது, மூலச்சுவடி நாட்டைவிட்டுப் போகாது. தனியாளாக முயல்வதைவிட ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து கேட்பது நல்லது.