பெயின்ட்டுக்கு அடியில் போன எர்த்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் கார். உச்சிப்புளி அருகே ஒரு சரக்கு வேன் பின்புற இடது பக்கத்தில் இடித்துவிட்டதால் டிங்கரிங், பட்டி, பெயின்ட் வேலை முழுவதும் செய்து வாங்கினேன். அதிலிருந்து சிறிது தூரம் ஓடியதும் இன்ஜின் தடுமாறி நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாக அடித்தாலும் உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. வண்டி ஆறிய பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. மெக்கானிக் ஃப்யூஸைப் பார்த்தார், ரிலேயை மாற்றினார், பெட்ரோல் பம்பின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றி மீட்டரில் 12 வோல்ட் வருவதைக் காட்டிவிட்டுப் பம்பையும் மாற்றினார். பயனில்லை. இப்போது இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றச் சொல்கிறார். பெட்ரோல் முள் நிலையாக நிற்பதில்லை, இடது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துப் பின்விளக்கு மங்குகிறது. இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
– மண்டபம் வாசகர்

பதில்: இசியூவுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த இரண்டு குறைகள்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி. பெட்ரோல் பம்பும், பெட்ரோல் அளவைச் சொல்லும் மிதவையும் டாங்கிக்குள் ஒரே தொகுப்பாக இருப்பவை. பல கார்களில் இவற்றின் எர்த் வயரும் (மின்சாரத்தை வண்டியின் உடல் வழியாகப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வயர்) பின்விளக்கின் எர்த் வயரும் டிக்கியின் பக்கவாட்டுத் தகட்டில் ஒரே போல்ட்டில் அல்லது அடுத்தடுத்த போல்ட்டுகளில் சேர்கின்றன. பம்பு, முள், விளக்கு மூன்றும் ஒரே சமயத்தில் கெட்டன என்பதைவிட, மூன்றுக்கும் பொதுவான அந்த எர்த் கெட்டது என்று எண்ணுவதே பொருத்தம். தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தவர்கள், போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் பெயின்ட்டின் மேலேயே வயரை முடுக்கியிருந்தால் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி குறுகிவிடும்.

அப்படியானால் மீட்டரில் 12 வோல்ட் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கப்ளரைக் கழற்றி வெறும் மீட்டரை வைத்தால் அந்த வழியில் ஏறக்குறைய மின்னோட்டமே இருக்காது. ஆகவே ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் முழு வோல்ட் காட்டும். பம்பு ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தில் அரை ஓம் தடை இருந்தால் 2.5 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும், பம்புக்குக் கிடைப்பது மீதிதான். மோசமான இணைப்பில் மின்னோட்டம் ஓட ஓட அந்த இடம் சூடாகி, தடை மேலும் கூடும் என்பதால்தான் சிறிது தூரம் வரை நன்றாக ஓடி, பிறகு நின்று, ஆறியதும் உங்கள் வண்டி மீண்டும் கிளம்புகிறது. முதல் பம்பில் கோளாறே இருந்திருக்காது என்பது என் கருத்து.

சோதனையைப் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பியதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டு மூன்று விநாடிகளில் நின்றுவிடும் என்பதால், இன்ஜினை ஓடவிட்டே அளப்பது எளிது. கப்ளரைக் கழற்றாமல், மீட்டரின் ஒரு முனையை நீண்ட வயர் கொண்டு பாட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையைக் கப்ளரின் பின்பக்கமாக எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வண்டி சூடாகித் தடுமாறத் தொடங்கும் நேரத்திலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். எர்த்தில் குறை இல்லையென்றால் அதே முறையில் பாட்டரியின் பாசிட்டிவுக்கும் பம்பின் பாசிட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே வோல்ட் விழுந்தால் கதவு வாசலின் பிளாஸ்டிக் பட்டைக்குக் கீழே செல்லும் வயர்க்கட்டு நசுங்கியிருக்கிறதா, பட்டையை மாட்டிய திருகு எதையாவது துளைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் தொடாமல் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.

சில கார்களில் மோதலின்போது பம்பை நிறுத்தும் அதிர்ச்சி சுவிட்ச் உண்டு. அது பம்பை நிறுத்தியிருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

எர்த்தான் காரணமென்றால், போல்ட்டைக் கழற்றி, வயர் முனையின் வளையமும் தகடும் தொடும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக முடுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் பூசுங்கள். இதை மண்டபத்தில் விட்டுவிடவே கூடாது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே ஓயாத பராமரிப்பு வேலை வைத்த உப்புக்காற்று, மூடாமல் விட்ட ஒரு போல்ட்டை எளிதில் அரித்துவிடும். கப்ளருக்குள் பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்த முனைகளையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: காரை வெல்டிங் வேலைக்கு விடப்போகிறேன். பாட்டரியைக் கழற்றினால் போதுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: கழற்றுவது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். தொலைவில் மாட்டினால் அந்த மின்னோட்டம் வண்டியின் வயரிங் வழியாகவும் திரும்ப முயலும். வேலை பின்பக்கத்தில் என்றால் பெட்ரோல் டாங்கியை இறக்காமல் வெல்டிங் செய்ய விடாதீர்கள். எர்த் போல்ட்டுகள் இருக்கும் இடங்களைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கும்போது அவற்றைப் பெயின்ட் மூடியிருக்கிறதா என்று பட்டறையிலேயே பாருங்கள்.