வீட்டுக் கணினிக் கோப்புகளுக்கு வெளியிடப் பேக்கப்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

சுமார் ஒரு டெராபைட் அளவுக்குப் படங்களும் ஆவணங்களும் இருப்பதாகவும், அவற்றின் நகலை வீட்டிலேயே ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளியிடத்திலும், அதாவது வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும், ஒரு பேக்கப் வேண்டுமென்றால் கூகுள் டிரைவ் போதுமா, வேறு சேவை தேவையா என்பது உங்கள் கேள்வி. கூகுள் டிரைவ் மட்டும் போதாது என்பதே என் கருத்து. எங்கே இடம் மலிவாகக் கிடைக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், கணினியும் அந்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே நாளில் போய்விட்டால் கோப்புகள் எப்படி, எத்தனை நாளில் கைக்குத் திரும்பி வரும் என்று யோசித்துப் பாருங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் அதிலேயே தெளிவாகிவிடும்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை முதன்மையாக ஒத்திசைவுக்கானவை, அதாவது கணினியில் செய்யும் மாற்றங்களை அப்படியே இணையத்திலுள்ள நகலிலும் செய்பவை. ஒத்திசையும் ஒரு கோப்புறையைக் கணினியில் தவறுதலாக அழித்தால் அது அங்கும் அழிகிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால், பூட்டப்பட்ட கோப்பே மேலேறி நல்ல கோப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அழித்த கோப்பு 30 நாள்கள்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறந்து பார்க்கும் பழைய படங்களின் கோப்புறை காணாமல் போனதை 30 நாள்களுக்குள் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆகவே எந்தச் சேவையைப் பார்த்தாலும், பழைய பதிப்புகளையும் அழித்த கோப்புகளையும் எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். ஓராண்டுக்குக் குறைவான எதையும் நான் ஏற்கமாட்டேன்.

இதற்கென்று அதிகம் மெனக்கெட விரும்பாதவர்களுக்கு பேக்பிளேஸ் போன்ற சந்தா சேவைகள் பொருத்தமானவை. ஒருமுறை நிறுவிவிட்டால் அவை பின்னணியில் தாமாகவே இயங்கும். எந்த வகைக் கோப்புகளை அவை விட்டுவிடுகின்றன, வெளிப்புற ஹார்டு டிஸ்க்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை இணைக்க வேண்டும் என்பதை மட்டும் விதிமுறைகளில் படித்துவிடுங்கள்.

நான் பயன்படுத்துவது வேறு வழி: சேமிப்பிடத்தை மட்டும் ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து, பேக்கப் வேலையை ரெஸ்டிக் என்ற திறமூல மென்பொருளிடம் விட்டிருக்கிறேன். அது கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கிறது. ஒவ்வொரு துண்டையும் என் கணினியிலேயே குறியாக்கம் செய்த (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய) பிறகுதான் வெளியே அனுப்புகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, எந்த ஒரு நிறுவனத்தையும் சார்ந்திராத தன்மை. வீட்டுப் பயனர்களுக்கான சேவையை நிறுத்தப் போவதாக கிராஷ்பிளான் என்ற பேக்கப் சேவை 2017 ஆகஸ்டில் அறிவித்து, 2018 அக்டோபரில் முற்றிலும் மூடியபோது, அங்கிருந்து வேறு நிறுவனத்துக்கு மாறியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. ரெஸ்டிக் சேமித்துவைக்கும் பேக்கப் தொகுப்பான களஞ்சியத்தையோ இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு, பழைய பதிப்புகளுடன் அப்படியே நகலெடுத்துவிடலாம்.

இடத்துக்கான கட்டணம் மிகக் குறைவு என்பதற்காக அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் போன்ற குளிர் சேமிப்பை (அரிதாகவே எடுக்கும் கோப்புகளுக்கான சேமிப்பிடத்தை) நாடுபவர்கள், திரும்ப எடுக்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கோப்பைக் கேட்டால் அது தயாராவதற்கு 12 மணி நேரம் வரையும், மலிவான முறையில் 48 மணி நேரம் வரையும் ஆகலாம். எடுப்பதற்கும் இறக்குவதற்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. இனி மாறவே போகாத படங்களுக்கு அது சரி. அன்றாட ஆவணங்களுக்குச் சரிவராது.

இணைய வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் ஒரு டெராபைட்டை அனுப்ப, இடைவிடாமல் இயங்கினாலும் ஒன்பது நாள்களுக்கு மேல் ஆகும். அதனால் மீண்டும் எங்கும் கிடைக்காதவற்றை, அதாவது சொந்தப் படங்கள், எழுதியவை, சான்றிதழ்களின் நகல்கள் ஆகியவற்றை முதலில் அனுப்புங்கள். இணைப்பு மிகவும் மெதுவென்றால், முழுவதும் குறியாக்கம் செய்த ஒரு ஹார்டு டிஸ்க்கை வேறு வீட்டில் வசிக்கும் உறவினரிடம் கொடுத்துவைத்து, இன்னொன்றுடன் அவ்வப்போது மாற்றிக்கொள்வதும் முழுமையான வெளியிடப் பேக்கப்தான். கடைசியாக மாற்றிய நாளுக்குப் பிந்தையவை அதில் இருக்காது என்பது ஒன்றே அதன் குறை.

வெளியிடம் என்பது உண்மையிலேயே வேறிடமாக இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியபோது, மூலத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். உங்கள் கோப்புகளின் மூலம் வீட்டில் இருப்பதால் இந்த ஆபத்து உங்களுக்குக் குறைவு. ஆனால் கணினியில் எதையுமே வைக்காமல் கிளவுடிலேயே வேலை செய்பவர்கள், பேக்கப்புக்கு வேறொரு நிறுவனத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

குறியாக்கத்தின் கடவுச்சொல்லைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்றால், தொலைந்த பிறகு எந்த நிறுவனத்தாலும் உதவ முடியாது. கடவுச்சொற்களைச் சேமிக்கும் மென்பொருளில் பதிந்து வைப்பது நல்ல பழக்கம்தான். அந்த மென்பொருளின் கோப்பு அதே கணினியில் மட்டும் இருந்தால், கணினி போகும் நாளில் சாவியும் சேர்ந்தே போய்விடும். தாளில் எழுதி வீட்டுக்கு வெளியே பத்திரமான ஓரிடத்தில் வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், அந்தப் படங்கள் தேவைப்படப் போவது அவர்களுக்குத்தான்.

உங்கள் நிலைக்கு, முதலில் ஒரு சந்தா சேவையின் சோதனைக் காலத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து, வேலை செய்யத் தயக்கம் இல்லையென்றால் நேராக ரெஸ்டிக்குக்கே வரலாம். எதுவானாலும், ஓராண்டுக் கட்டணம் செலுத்துவதற்கு முன், பேக்கப் எடுத்த கணினியைத் தொடாமல், வேறொரு கணினியில் ஒரு கோப்புறையை முழுமையாக மீட்டெடுத்து, அதிலுள்ள படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.