காது டெஸ்ட் நார்மல், ஸ்ருதி மட்டும் சேரவில்லை: கேள்வி பதில்

(செவித்திறன் பரிசோதனை என் தொழில். வீணை பழக்கமும் உண்டு. கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில்.)

கேள்வி: மகள் பாடும்போது ஸ்ருதியோடு சேர்வதே இல்லை. காதை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்கிறார் பாட்டு டீச்சர். பண்ணட்டுமா சார்?

பண்ணுங்கள் அம்மா, தப்பில்லை. சளியால் காதுக்குள் நீர் கோத்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த டெஸ்ட், சுமார் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு மெலிதான ஒலி வரை காதில் விழுகிறது என்பதைத்தான் அளக்கும். ரிஷபம் (ரி), காந்தாரம் (க) என்ற ஸ்வரங்களுக்குள் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்காது. ஸ்ருதி விலகிப் பாடுகிற பலர், அடுத்தவர் அபஸ்வரத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். கேட்டதைத் தொண்டைக்குக் கொண்டுவருவதில்தான் அவர்களுக்குச் சிக்கல். முதலில் கட்டையை, அதாவது பாடுவதற்கு ஆதாரமாக வைக்கும் ஸ்ருதியின் உயரத்தை, மாற்றிப் பாருங்கள். டீச்சருக்கு வசதியான கட்டை குழந்தைக்கும் ஒத்துவர வேண்டும் என்பதில்லை.

கேள்வி: அப்படியென்றால் வித்வான்களின் காது நம் காதைவிடக் கூர்மை இல்லையா?

மெல்லிய சத்தத்தைக் கேட்பதில் இல்லை. ஸ்ருதியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதில் உண்டு. 2006-ல் வந்த மிஷேல் என்ற ஆய்வாளர் குழுவினரின் ஆய்வில், மேற்கத்திய செவ்வியல் கலைஞர்கள் மற்றவர்களைவிட ஆறு மடங்கு சிறிய வித்தியாசத்தையும் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நாலு முதல் எட்டு மணி நேரப் பயிற்சியில் மற்றவர்களும் அந்த அளவைத் தொட்டுவிட்டார்கள்! உடனே யாரும் மேடையேறக் கிளம்ப வேண்டாம். அது வெறும் ஒலிகளை ஒப்பிடும் பயிற்சி. ராகத்தை அடையாளம் காண ஞாபகம் வேண்டும், கேள்வி ஞானம் வேண்டும்.

தம்புராவில் பாருங்கள். ஒரே ஸ்ருதியில் இருக்க வேண்டிய, நடுவில் உள்ள இரண்டு சாரணைத் தந்திகளுக்கும் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால், சத்தம் விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். புதியவருக்கும் அது காதில் விழத்தான் செய்கிறது, எதைக் கவனிப்பது என்று தெரியாது. ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், அப்புறம் அந்த அலை நிற்கும்வரை அவரே முறுக்கிக்கொண்டிருப்பார்.

கேள்வி: நண்பனுக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறதாம். நடிக்கிறானா?

நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறவியிலேயே அப்படிச் சிலர் உண்டு, அமியூசியா என்பார்கள். காது டெஸ்ட் நார்மலாகவே வரும், பேச்சும் நன்றாகப் புரியும். கேலி செய்யாதீர்கள்.

கேள்வி: டெஸ்ட் வைத்தே பிள்ளைக்குச் சங்கீதம் வருமா என்று சொல்ல முடியாதா?

அமெரிக்க உளவியலாளர் கார்ல் சீஷோர் 1919-லேயே இசைத்தட்டுகளில் இதற்கென்று டெஸ்ட் வெளியிட்டார். மார்க்குக்கும் நிஜமான இசைத்திறனுக்கும் சரியாகப் பொருந்தவில்லை என்று பின்னால் விமர்சனம் வந்தது. கிளாஸில் ஒரு வருடம் சேர்த்துவிடுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: வயது 68. கீச்சென்ற ஒலிகள் கேட்பதில்லை. காதுக்கு மிஷின் வைத்ததிலிருந்து தம்புரா விட்டுவிட்டு ஒலிக்கிறது. ஸ்ருதி ஞானம் போய்விட்டதா?

போகவில்லை ஐயா. பாடும் ஸ்வரங்கள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை; உங்களுக்குக் குறைந்திருப்பது அதற்கு மேலே. கோளாறு மிஷினில் இருக்கலாம். விசில் சத்தத்தை அடக்கும் வசதி, விடாமல் ஒலிக்கும் தம்புராவையும் விசில் என்று நினைத்து வெட்டிவிடும். உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் இசைக்கென்று தனி புரோகிராம் போடச் சொல்லுங்கள். போகும்போது தம்புரா செயலி உள்ள போனைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கேயே போட்டுக் கேட்டுப் பார்த்துவிடலாம்.