பழைய ஸ்டீரியோ ரிசீவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1970களில் வந்த ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வலது பக்கம் நன்றாகப் பாடுகிறது. இடது பக்கம் ஊமை. சவுண்டைக் கூட்டினால் திடீரென்று வரும், குறைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அவசரப்படாதீர்கள். மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் போயிருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 'உம்ம்' என்று இரையும். கூட்டினால் மட்டும் வருகிறது என்றால் எங்கோ ஒரு காண்டாக்ட், அதாவது சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோகப் புள்ளி, கறுத்திருக்கிறது. சின்ன சிக்னல் அந்தக் கறுப்பைத் தாண்டாது. பெரிய சிக்னல் துளைத்துக்கொண்டு போய்விடும்.

செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானால் பழுது செட்டில்தான். டேப் மானிட்டர் பட்டன், ஸ்பீக்கர் சுவிட்ச், செலக்டர், பேலன்ஸ் ஒவ்வொன்றையும் 20, 30 தடவை அழுத்தி, திருப்பி விடுங்கள். பின்பக்கம் பிரீ-அவுட், மெயின்-இன் சாக்கெட்டுகளைச் சேர்க்கும் 'ப' வடிவக் கம்பிகள் இருந்தால் கழற்றித் துடைத்துப் போடுங்கள். பல செட்டுகளுக்கு இதுவே போதும்.

சரியாகவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறங்கள். பெரிய கண்டென்சர்களில் சார்ஜ் நிற்கும், அவற்றின் கால்களில் கை வைக்காதீர்கள். செட்டைப் போட்ட சில நொடியில் 'டக்' என்று கேட்கிறதே, அந்த ஸ்பீக்கர் ரிலேதான் (ஸ்பீக்கரைத் தானாக இணைக்கும் மின்சுவிட்ச்) இந்தக் கோளாறுக்குப் பேர்போனது. அதன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் வெள்ளிப் புள்ளிகள் கறுத்துத் தெரியும். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக நறுக்கி, காண்டாக்ட் கிளீனரில் நனைத்து, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே விட்டு, விரலால் லேசாக அழுத்தி இழுங்கள். கறுப்பு கார்டில் கோடாக ஒட்டிவரும். கோடு விழுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப இழுங்கள். உப்புத்தாள் கூடாது, வெள்ளிப் பூச்சே போய்விடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம்; பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். புது ரிலே போட்டால் அதன் கம்பிச்சுருளின் (coil) வோல்டேஜ் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

ஸ்பீக்கரை மாட்டுமுன், ரிலே 'டக்' என்ற பிறகு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் என்றால் பயமில்லை. 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள்.

கேள்வி: தர்மபுரி பண்பலை 102.5 எங்கள் ரிசீவரில் 'ஸ்ஸ்' இரைச்சலோடு வருகிறது. ஆன்டெனாவுக்கு ஒரு துண்டு ஒயர் மாட்டியிருக்கிறேன்.
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: துண்டு ஒயர் போதாது. பழைய டிவி ஆன்டெனாவுக்குப் போட்ட 300 ஓம் தட்டை ஒயரில் 140 செ.மீ. வெட்டுங்கள். இரு முனைகளிலும் உள்ள இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்குங்கள். நட்டநடுவில் ஒரு கம்பியை மட்டும் அறுத்து, அந்த இரு நுனிகளிலும் அதே தட்டை ஒயரில் இன்னொரு துண்டைப் பற்றவைத்து, செட்டின் 300 ஓம் டெர்மினலுக்குக் கொண்டுவாருங்கள். தர்மபுரி உங்களுக்குத் தெற்கே. ஆன்டெனா தன் நீளவாட்டில் வருவதைவிடப் பக்கவாட்டில் வருவதையே நன்றாகப் பிடிக்கும். அதனால் கிழக்கு மேற்காக, முடிந்த உயரத்தில் கட்டுங்கள். மிச்ச இரைச்சலுக்கு மோனோ பட்டனை அழுத்துங்கள்.

கேள்வி: பரணில் பல வருஷம் கிடந்த ஜப்பான் செட், பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பிளக்கில் சொருகலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: நேராகச் சொருகினால் அன்றோடு சரி. 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 110 கொடுப்பது வேண்டாம், செட் தேவையில்லாமல் சூடாகும். பின்னால் எழுதியுள்ள வாட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். முதல் தடவை போடும்போது டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் (ஒரே ஒயரின் நடுவே, கரண்ட் பல்பைத் தாண்டிப் போகும்படி) கொடுங்கள், ஸ்பீக்கர் இல்லாமல். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எஃப்.எம். டயலையும் பாருங்கள்: 76 முதல் 90 வரைதான் எண் இருந்தால் அது ஜப்பானுக்கென்றே செய்தது. பாட்டு கேட்கலாம், 102.5 வராது.