தேவாலய இசையில் பட்டம் படிக்க எந்த நாட்டில் செலவு குறைவு?

மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், ஆர்கனும் பாடகர் குழுவுமாகத் தேவாலய இசையிலேயே பட்டம் படிக்க வைக்க ஆசை, அமெரிக்காவா ஜெர்மனியா என்று கேட்டிருக்கிறீர்கள். "பாட்டுப் படிக்கவா இவ்வளவு செலவு?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்நேரம் கேட்டு முடித்திருப்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது, என் அண்ணன் மகளுக்காக.

ஒருநாள் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "சித்தப்பா, யேல்ல ஃபீஸே கிடையாதாம்!" உண்மைதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் புனித இசை நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பது மேற்படிப்பு. முதலில் ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். அதையும் அமெரிக்காவிலேயே படிக்கலாம் என்றால், தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கள் வயலை விற்றாலும் பத்தாது.

ஜெர்மனியில் இதற்கென இளநிலைப் படிப்பே உண்டு. பல மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை. ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டினரிடம் ஆறு மாதப் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். இலவசம் என்று துள்ளாதீர்கள். விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், பத்து லட்சத்துக்கு மேலே வரும். அங்கே போனபின் அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துச் சாப்பிடலாம்.

பணத்தைவிட எங்களை மடக்கியது அங்குள்ள நுழைவுத் தேர்வு. அதில் ஆர்கனைக் கீழே உள்ள மிதிகட்டைகளில் காலாலும் வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் ஆலயத்தில் இருப்பது மிதிகட்டை இல்லாத கீபோர்டு. பிள்ளை சார்ட் அட்டையில் மிதிகட்டைகளை வரைந்து, மேசைக்கு அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு பழகினாள். கால் இடம் மாறினால் தப்புச் சத்தம் வர வேண்டுமே, அட்டை என்ன சத்தம் போடும்?

கடைசியில் அவள் சேர்ந்தது மதுரை பசுமலை அரசு இசைக் கல்லூரியில், கர்நாடக இசை வாய்ப்பாட்டுக்கு. கட்டணத்தைவிட விடுதிச் சாப்பாட்டுச் செலவுதான் பெரிது. "கர்நாடக இசை ஆலயத்துக்கு எதற்கு?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஆலயத்தில் பாடும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து, பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தது நம் திருநெல்வேலியில்தான். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சீரியல் லைட்டும் மைக் செட்டும் போடக் கணக்கே பார்க்காத சபை, ஞாயிறுதோறும் வாசிக்கிற பிள்ளைக்குப் பஸ் காசு கொடுக்கக் கமிட்டி கூட்டுகிறது. பண்டிகையில் போடும் அசன விருந்துக்கு நான் எதிரி இல்லை, முதல் பந்தியிலேயே உட்காருகிற ஆள். ஆனாலும் கேட்கத்தான் செய்வேன்.

உங்கள் மகளுக்கு மிதிகட்டைப் பழக்கம் உண்டா என்று எழுதவில்லையே? இல்லையென்றால், நிஜமான குழாய் ஆர்கன் இருக்கிற ஆலயமாகப் பார்த்து, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது தொட விடுவார்களா என்று விசாரியுங்கள். ஜெர்மன் வகுப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள், மொழிச் சான்றிதழும் கேட்பார்கள். வங்கிக் கணக்கெல்லாம் அப்புறம்.