முன்பணம் கட்டாதீர்கள், அவள் ஓவிய ஆசிரியர் ஆகட்டும்

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ எழுதப்போகும் உங்கள் மகள், பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுத்தரும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். உங்கள் கொழுந்தனாரோ ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசிவிட்டு, முன்பணம் கட்டச் சொல்கிறார். தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கணக்கு என்றாலே அவள் ஒதுங்குகிறாள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணை நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரவைக்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் பார்க்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று உறவினர்கள் கவலைப்படலாம். மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்.

கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் எந்தப் பிள்ளையின் தாளிலும் தான் ஒரு கோடுகூடப் போட்டுத் தருவதில்லை, "செம்பை இன்னொரு தடவை பார்" என்றுதான் சொல்கிறாள் என்கிறீர்கள். அம்மா, அதுதான் ஓவிய ஆசிரியர் வேலையின் உயிர். செம்பின் வாய் வட்டம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் வட்டமாகவே வரைந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். செம்பை மெல்ல உயர்த்தினால் அது ஒடுங்கிக்கொண்டே வந்து, கண்மட்டத்தில் வெறும் கோடாகிவிடும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடப் பழக்க வேண்டும். கோப்பையின் பிடியை வரைவதற்கு முன்னால், அந்தப் பிடிக்கும் கோப்பையின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வரையச் சொல்ல வேண்டும். ஆசிரியரே திருத்திக் கொடுத்தால் படம் அழகாகிவிடும், பிள்ளையின் கண் பழகாது. இந்தப் பொறுமை பட்டம் வாங்கிய பலருக்கும் வருவதில்லை. உங்கள் மகளுக்கு இப்போதே இருக்கிறது.

பொறியியல், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகலாம். சென்னையில் இருப்பது 1850-இல் தொடங்கியது. நான்காண்டு பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலை இளநிலைப் பட்டம், சேர்க்கையில் வரையும் திறனைச் சோதிப்பார்கள். இதோடு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்தில் லோயர் (கீழ்நிலை), ஹையர் (மேல்நிலை) இரண்டையும் முடிக்கட்டும். பிறகு கோடை விடுமுறையில் நடக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியில் சேரட்டும். பள்ளி வேலைக்கு உதவும் இந்தச் சான்றிதழைப் பற்றி உறவினர்கள் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தகுதி விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தை மறைத்துப் பேச மாட்டேன். அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பணியிடங்கள் அடிக்கடி நிரப்பப்படுவதில்லை. 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனவே அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கேந்திரிய வித்யாலயாவில் கலை ஆசிரியர் பணி இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். போட்டி கடுமை, இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிய வேண்டும். இந்தியை இப்போதே தொடங்கட்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு ஓவியம் விருப்பப் பாடமாக உண்டு. அங்கும் ஆசிரியர் தேவை. மாலையில் வீட்டில் வகுப்பு நடத்துவது கூடுதல் வருமானம்.

ஒரு விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக லட்சங்களைக் கொட்டி தனியார் பி.எஃப்.ஏ.வில் சேர்க்காதீர்கள். அந்த ஓராண்டில் லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு, மறுபடி விண்ணப்பிக்கட்டும். இந்தப் படிப்புக்காக நகையோ வீடோ அடகுக்குப் போகக் கூடாது.

இன்று முதல் தினமும் நேரில் பார்த்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள்: அடுப்பங்கரைப் பாத்திரம், உட்கார்ந்திருக்கும் பாட்டி, பஸ் நிலையக் கூட்டம். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடட்டும். கொழுந்தனாரிடம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள், அவளை நடுவில் நிறுத்தாதீர்கள். முன்பணத்துக்குக் குறித்த தேதிக்கு முன்பே பேசிவிடுங்கள்.