தம்பியின் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே கடைவீட்டு மாடியில் இராமநாதபுரத்துத் தம்பிகள் ஒன்பது பேர் தங்கியிருக்கிறார்கள். உணவகத்தில் வேலை. ஒருவனுக்கு ஊரில் அப்பா தவறிவிட்டார். போக முடியவில்லை. கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில். “தொலைந்துவிடும் என்றுதான் வைத்திருக்கிறேன்” என்கிறாராம். இது முறையா அக்கா?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முறையே இல்லை, தாயே. படிக்கும்போதே நெஞ்சு அடைத்தது. தோட்டக் கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனால், பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கப் போகமுடியாதவர் என் தாத்தா. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து கடைசிவரை அதைச் சொல்லி அழுவார்.

உரிய அதிகாரமில்லாமல் அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். தொலைந்துவிடும் என்று பயந்தால், பூட்டுப்போட்ட பெட்டி வாங்கிக் கொடுத்துச் சாவியைத் தம்பி கையில் தரட்டும்.

சம்பளத்தையும் விசாரியுங்கள். 2025 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் செய்தால் மிகைநேரப் பணம் தனி. வெளிநாட்டவருக்கும் இதேதான். குறைந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தையும் நாடலாம்.

ஆனால் அவனைக் கேட்காமல் நீங்களாகப் போய்விடாதீர்கள். வேலை பெர்மிட் அந்த முதலாளி பேரில்தான் இருக்கும். அவன் பயம் வீண்பயம் இல்லை. வேலை செய்த நாள், நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்றிரவு அவனைக் கூப்பிட்டு ஒரு வாய்ச் சோறு போடுங்கள்.